முப்பத்துமூன்றாவது இடம் யாருக்கு?

2023 அக்டோபர் 28ஆம் தேதி இரவு, பாரிஸ் நகரை ஒட்டிய ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை ரக்பி இறுதி ஆட்டம். இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்து மணி 12.30. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே தென்னாப்பிரிக்க அணியின் போங்கி எம்பொனாம்பி காயமடைந்து வெளியேறினார். அவர் அணியின் ‘ஹூக்கர்’. அவருக்குப் பதிலாக டியோன் ஃபூரி உள்ளே வந்தார். வயது 37. அந்தத் தொடருக்கு அவர் தேர்வானபோது ஹூக்கராகத் தேர்வாகவில்லை. அவருக்கும் ஏதேனும் நேர்ந்தால் அந்த இடத்தில் நிற்க, மாற்று வீரர்கள் அமரும் இருக்கைகளில் வேறு ஹூக்கரே இல்லை. எதிரில் நியூசிலாந்து. இன்னும் 77 நிமிடங்கள் மிச்சம்.

அந்தக் கணத்தில் தென்னாப்பிரிக்கா தோற்றிருந்தால், ஆறு வாரங்களுக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு முடிவு இன்றுவரை தூற்றப்பட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அந்த அணி 12-11 என ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பன்னிரண்டு புள்ளிகளையும் எடுத்தவர் ஹாண்ட்ரே போலார்ட். ஹூக்கர் ஒருவருக்குப் பதிலாக அணியில் சேர்க்கப்பட்டவர் அவர்தான். ஆகவே அதே முடிவு இன்று மேதைமை என்று கொண்டாடப்படுகிறது. இரண்டும் சரியான தீர்ப்புகள் அல்ல என்பது என் எண்ணம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரக்பியைப் பற்றிப் பேச ஒரு பொருளாதார ஆசிரியனுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஆட்ட நுணுக்கத்தில் எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அளவான இடங்கள், அளவற்ற தேவைகள், முன்கூட்டி அறிய முடியாத எதிர்காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பொருளாதாரக் கேள்வி. முப்பதாண்டுகள் நான் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி விளக்க முயன்றதை, ஒரு தேர்வுக் குழு அந்த ஆண்டு செயலில் காட்டியது. அதன் பிழைகளையும் சேர்த்தே காட்டியது.

ரக்பி நம் வாசகர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் 15 பேர். அவர்களில் எட்டுப் பேர் முன்வரிசையினர். உடல்பலத்தால் மோதிப் பந்தைக் கைப்பற்றுவது அவர்கள் வேலை. ஏழு பேர் பின்வரிசையினர்; கிடைத்த பந்தை ஓடியும் உதைத்தும் புள்ளிகளாக மாற்றுவது அவர்கள் பொறுப்பு. முன்வரிசையின் நடுநாயகம்தான் ஹூக்கர். எட்டுக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’ என்ற மோதலில் நட்டநடுவில் நிற்பவர் அவர். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால், அதை மீண்டும் உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் ‘லைன் அவுட்’டிலும் பெரும்பாலும் அவரே எறிகிறார். பின்வரிசையின் மூளை ‘ஃபிளை ஹாஃப்’. ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவரும், பெரும்பாலும் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி சேர்ப்பவரும் அவரே. இவ்விரு வரிசைகளையும் இணைப்பவர் ‘ஸ்க்ரம் ஹாஃப்’.

2023 உலகக் கோப்பைக்கு ஒவ்வொரு நாடும் 33 பேரை அழைத்துச் செல்லலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர்களில் 23 பேரை அறிவிக்க வேண்டும்: தொடக்கத்தில் 15, மாற்றாக 8. தலைக்காயப் பரிசோதனை, இரத்தக் காயம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வெளியே போனவர் திரும்ப வர முடியாது. காயத்தால் தொடரிலிருந்தே ஒருவரை விலக்கினால் இன்னொருவரை அழைக்கலாம். விலக்கப்பட்டவர் அத்தோடு முடிந்தார். இதனோடு இன்னொரு கட்டாயமும் உண்டு. ஸ்க்ரம்மில் முன்னால் நிற்கும் மூவரும் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். கழுத்தெலும்பும் முதுகெலும்பும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. அத்தகையவர்கள் தீர்ந்துவிட்டால் தள்ளுமுள்ளு இல்லாத வெறும் சடங்காக ஸ்க்ரம் நடக்கும். ஸ்க்ரம்மையே தன் முதன்மை ஆயுதமாகக் கொண்ட தென்னாப்பிரிக்காவுக்கு அது வாளை உறையிலிட்டுவிட்டுப் போரிடுவதற்குச் சமம்.

ஆகஸ்ட் 8ஆம் தேதி பயிற்சியாளர் ஜாக் நீனாபர் 33 பேர் பட்டியலை அறிவித்தார். அவருக்குப் பின்னால் இருந்து ஆட்டத் திட்டத்தை வகுத்தவர் ரக்பி இயக்குநர் ரஸ்ஸி எராஸ்மஸ். முன்வரிசையினர் 19, பின்வரிசையினர் 14. பட்டியலில் இருந்த பெயர்களைவிட இல்லாத பெயர்களே அதிகம் பேசப்பட்டன. 2019 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தனியொருவராக 22 புள்ளிகள் எடுத்த போலார்ட் இல்லை, கெண்டைக்கால் காயம். நடுக்களத் தடுப்பின் தூணான லுகான்யோ ஆம் இல்லை; முழங்கால் காயம். உயரமான லூட் டி யாகர் இல்லை, மருத்துவக் காரணம். ஆனால் ஏப்ரல் மாதம் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட அணித்தலைவர் சியா கொலீசி இருந்தார்.

இது முரண்பாடு அல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. தலைவருக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கேள்வி காயம் இருக்கிறதா இல்லையா என்பதல்ல. எந்தத் தேதியில் எவ்வளவு உறுதியோடு ஆட முடியும் என்பதே. கொலீசி ஆகஸ்ட் 19ஆம் தேதி கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராகக் களமிறங்கினார். அவர் தேறும் நாள் ஏறத்தாழத் தெரிந்திருந்தது. போலார்டின் நாள் தெரிந்திருக்கவில்லை. அளந்து சொல்லக்கூடிய அபாயம் ஒன்று, அளக்கவே முடியாத நிச்சயமின்மை மற்றொன்று என்று ஃபிராங்க் நைட் 1921ஆம் ஆண்டு எழுதிய நூலில் வேறுபடுத்திக் காட்டினார். முதலாவதற்கு விலை வைக்கலாம், இரண்டாவதற்கு முடியாது. ஆகஸ்ட் மாதத்தில் போலார்டை விட்டது சரியே என்பது என் கருத்து. அவரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது அதைவிடச் சரி. கதவைச் சாத்தினார்கள், தாழிடவில்லை.

பட்டியலின் உண்மையான விசித்திரம் வேறிடத்தில் இருந்தது. தொழில்முறை ஃபிளை ஹாஃப் ஒரே ஒருவர்: மேனி லிபொக். அவருக்கு ஏதேனும் ஆனால் பல இடங்களில் ஆடும் டேமியன் வில்லம்ஸே பார்த்துக்கொள்வார். ஹூக்கர்கள் இருவர்: மால்கம் மார்க்ஸ், எம்பொனாம்பி. மூன்றாவது ஹூக்கர் தேவைப்பட்டால், பக்கவாட்டில் ஆடும் ஃபூரியும் மார்கோ ஃபான் ஸ்டாடனும் அந்த வேலையைச் செய்வார்கள். ஃபூரி இளமையில் ஹூக்கராக இருந்தவர். 2022இல் 35ஆம் வயதில்தான் தேசிய அணிக்கே வந்தவர். நியூசிலாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து, ஃபிரான்ஸ் ஆகிய நான்கும் தலா மூன்று ஹூக்கர்களை அழைத்துச் சென்றபோது தென்னாப்பிரிக்கா மட்டும் இருவரோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் ஸ்க்ரம் ஹாஃப் இடத்துக்கோ நால்வர்: ஃபாஃப் டி க்ளெர்க், கோபஸ் ரைனாக், ஜேடன் ஹெண்ட்ரிக்சே, கிராண்ட் வில்லியம்ஸ்.

ஒரே வேலையில் மிகச் சிறந்தவரை எடுப்பதா, மூன்று வேலைகளை ஓரளவு செய்பவரை எடுப்பதா? ஜார்ஜ் ஸ்டிக்லர் 1939இல், இளைஞராக இருந்தபோது எழுதிய ஒரு கட்டுரையில் தொழிற்சாலைகளை வைத்து இதே கேள்வியை எழுப்பினார். ஒரு குறிப்பிட்ட உற்பத்தி அளவுக்கென்றே வடிவமைத்த ஆலை, அந்த அளவில் மலிவாக உற்பத்தி செய்யும். தேவை ஏறி இறங்கினால் திணறும். நெகிழ்வான ஆலை எந்த அளவிலும் மிக மலிவானதாக இராது. ஆனால் எந்த அளவிலும் மோசமாகவும் இராது. தேவை எவ்வளவுக்கு நிலையற்றதோ அவ்வளவுக்கு நெகிழ்வுக்கு மதிப்பு கூடும். ஏழு வாரங்கள் நீளும் ஒரு ரக்பித் தொடரைவிட நிலையற்ற தேவை எங்கே உண்டு? யாருக்கு எப்போது எலும்பு முறியும் என்று யாரால் சொல்ல முடியும்? வில்லம்ஸேயும் ஃபூரியும் அணியின் நெகிழ்வான ஆலைகள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றரை இடத்துக்குச் சமம்.

இந்தத் தர்க்கம் எனக்கு உடன்பாடே. நால்வர் ஸ்க்ரம் ஹாஃப் என்பதில்தான் உடன்பாடில்லை. வில்லியம்ஸ் பக்க ஓரத்தில் ஓடுவார், டி க்ளெர்க் உதைப்பார், ஃபிளை ஹாஃபாகவும் நிற்பார் என்று ஆதரவாளர்கள் விளக்கம் தந்தார்கள். ருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நால்வரையும் 23 பேர் பட்டியலில் சேர்த்துக் காட்டவும் செய்தார்கள். 76-0 என வென்றார்கள். ருமேனியாவிடம் எந்தச் சேர்க்கையும் வென்றிருக்கும். மூன்றாவது ஆளுக்குப் பிறகு நான்காவது ஆள் சேர்க்கும் கூடுதல் பயன் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இறுதி ஆட்டத்தின் 23 பேரில் அந்த நால்வரில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? டி க்ளெர்க் ஒருவர் மட்டுமே. மாற்றாகக்கூட இன்னொரு ஸ்க்ரம் ஹாஃப் இல்லை.

செப்டம்பர் 10ஆம் தேதி மார்செய் நகரில் ஸ்காட்லாந்தை 18-3 என வென்ற பிறகு, பயிற்சியின்போது மார்க்ஸின் முழங்காலில் கடும் காயம் ஏற்பட்டது. (பொருளாதாரத் துறையில் அந்தப் பெயரைச் சொன்னாலே சண்டை வரும், இவர் முன்னால் நின்று தள்ளும் பக்கத்தைச் சேர்ந்தவர்.) தொடரிலிருந்தே அவர் விலகினார். இருந்த இரண்டு ஹூக்கர்களில் ஒருவர் போய்விட்டார். தாயகத்தில் ஜோசஃப் டுவேபா போன்ற, முன்பே தேசிய அணிக்கு ஆடிய ஹூக்கர்கள் இருந்தார்கள். ஹூக்கர் போனால் ஹூக்கர் வருவார் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். செப்டம்பர் 17ஆம் தேதி அறிவிப்பு வந்தது. வருபவர் போலார்ட்.

தென்னாப்பிரிக்காவில் அன்று நடந்த விவாதத்தின் இரு பக்கங்களுமே வலுவானவை. எதிர்த்தவர்கள் சொன்னது எளிமையானது: ஓட்டைப் படகில் ஏறும் முன் ஓட்டையை அடைக்க வேண்டுமே தவிர, பாய்மரத்தைப் புதுப்பிக்கக் கூடாது. எம்பொனாம்பி ஒருவரை நம்பி ஐந்து ஆட்டங்களை எப்படிக் கடப்பது? கணக்குக்காக மட்டும், ஓர் ஆட்டத்தில் அவர் காயமடையும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய வாய்ப்பாகத் தெரிகிறது. ஆனால் ஐந்து ஆட்டங்களையும் காயமின்றிக் கடக்கும் வாய்ப்பு 77 விழுக்காடுதான். அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, விபத்து நேரும். வீட்டுக்குத் தீப்பிடிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றால் காப்பீடு இல்லாமல் யாராவது தூங்குவார்களா?

ஆதரித்தவர்களின் வாதம் காப்பீட்டின் மற்றொரு பக்கத்தைப் பார்த்தது. விபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என்பது மறுபாதி. மூன்றாவது ஹூக்கர் வந்திருந்தாலும் எம்பொனாம்பியின் தரத்தில் ஆடியிருக்கப் போவதில்லை. அவருக்கும் ஃபூரிக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான இழப்பு. அது அவ்வளவு பெரிதல்ல. போலார்டுக்கும் அவர் இல்லாத நிலைக்கும் உள்ள வித்தியாசமோ பெரிது. அதுவும் விபத்து நேர்ந்தால் மட்டும் பயன்படுவதல்ல. ஒவ்வோர் ஆட்டத்திலும், ஒவ்வோர் உதையிலும் பயன்படுவது. காலிறுதிக்குப் பிறகு எதிரணிகள் சமபலம் கொண்டவை. அங்கே மூன்று புள்ளிகளே தலையெழுத்தை மாற்றும்.

லிபொக் மோசமான வீரர் அல்லர். பந்தை விரித்து ஆடுவதில் அவர் போலார்டைவிடச் சுவையானவர். அவரால்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கா அழகாகத் தாக்கி ஆடியது. ஆனால் கம்பங்களை நோக்கி உதைப்பதில் அவர் நம்பகமற்றவராக இருந்தார். செப்டம்பர் 23ஆம் தேதி அயர்லாந்திடம் 13-8 எனத் தோற்ற ஆட்டத்தில், அவரும் டி க்ளெர்க்கும் சேர்ந்து தவறவிட்ட உதைகளின் மதிப்பு 11 புள்ளிகள். போலார்டை அழைத்த முடிவை நியாயப்படுத்த எல்லாரும் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். தேதியைக் கவனிக்க வேண்டும். அழைப்பு ஆறு நாட்கள் முன்பே வந்துவிட்டது. பதற்றத்தில் எடுத்த முடிவல்ல அது. தங்கள் அணியின் பலவீனம் எது என்பதைத் தோல்விக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இடம் காலியானதும் அதற்குச் செலவிட்டார்கள். இதில் எராஸ்மஸ் மீது எனக்கு மரியாதை உண்டு. ‘காலியான இடத்தில் அதே வகை ஆளை வைக்க வேண்டும்’ என்ற பழக்கத்திலிருந்து விடுபடுவது எளிதல்ல. நம் அலுவலகங்களில் ஓய்வுபெற்ற ஒருவரின் நாற்காலியை நிரப்பும்போது, அந்த நாற்காலி இன்னும் தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, என் தீர்ப்பு என்ன? போலார்டை அழைத்தது சரி. ஆனால் அது ஹூக்கர் இடத்தைப் பறித்துத்தான் நடந்திருக்க வேண்டும் என்ற நெருக்கடி, ஆகஸ்டில் நான்காவது ஸ்க்ரம் ஹாஃபை எடுத்தபோது அவர்களே உண்டாக்கிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு ஹூக்கர் இருந்திருந்தால் செப்டம்பரில் போலார்டும் வந்திருப்பார், காப்பீடும் இருந்திருக்கும். இரண்டாவது முடிவின் துணிச்சலை வியப்பவர்கள் முதல் முடிவின் அலட்சியத்தை மறந்துவிடுகிறார்கள்.

மாற்று வீரர்கள் எட்டுப் பேரை எப்படிப் பிரிப்பது என்பது அந்த ஆண்டின் இன்னொரு சர்ச்சை. வழக்கம் ஐந்து முன்வரிசையினர், மூன்று பின்வரிசையினர். தென்னாப்பிரிக்கா ஏழுக்கு ஒன்று என்று வைத்தது. இது முதலில் திட்டமிட்டு வந்ததுகூட அல்ல. ஆகஸ்ட் 25ஆம் தேதி ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்குச் சற்றுமுன் வில்லி லு ரூ விலக நேர்ந்தது; அவருக்குப் பதில் முன்வரிசை வீரர் க்வாகா ஸ்மித்தைச் சேர்த்தார்கள். 35-7 என வென்றார்கள். நியூசிலாந்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அது. அயர்லாந்துக்கு எதிராகவும் இறுதி ஆட்டத்திலும் அதே பிரிவினையைத் துணிந்து மேற்கொண்டார்கள். மோதி மோதிக் களைப்பவர்கள் முன்வரிசையினர். ஐம்பதாவது நிமிடத்தில் புதிய மூச்சோடு ஏழு பேர் வந்தால் எதிரணி தாங்காது. களைத்த உடல்கள் மீது புதிய உடல்கள் மோதுவது பாதுகாப்பானதா என்ற கண்டனமும் எழுந்தது. அது மருத்துவர்கள் பேச வேண்டியது. தேர்வு என்ற அளவில் சொன்னால், இரண்டு பின்வரிசையினர் ஒரே ஆட்டத்தில் காயமுற்றால் எல்லாம் குலையும் என்ற அபாயத்தை ஏற்றுக்கொண்டு வாங்கிய பலன் அது. எழுவர் ரக்பியிலிருந்து வந்த ஸ்மித்தால் ஓரத்திலும் ஓட முடியும் என்பதால் அந்த அபாயமும் சற்றுக் குறைந்தது. மீண்டும் ஸ்டிக்லரின் ஆலைதான்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். காலிறுதியில் ஃபிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11. மூன்றும் ஒரே புள்ளி. காலிறுதியில் போலார்ட் மாற்று வீரராக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். அரையிறுதியில் மழையில் 15-13 என இங்கிலாந்து முன்னிலை வகித்தபோது, இரண்டு மூன்று நிமிடங்களே மிச்சமிருந்த நிலையில் ஏறத்தாழ மைதானத்தின் நடுவிலிருந்து அவர் உதைத்த பந்து கம்பங்களுக்கு இடையே போயிற்று. அந்த ஆட்டத்தில் 31ஆம் நிமிடத்திலேயே லிபொக்கை வெளியே அழைத்து அவரை அனுப்பியிருந்தார்கள். இறுதி ஆட்டத்தின் 23 பேரில் லிபொக்குக்கு இடமே இல்லை.

இறுதி ஆட்டத்தில்தான் விவாதத்தின் இரு தரப்பும் ஒரே நேரத்தில் மெய்யாயின. அஞ்சிய விபத்து நேர்ந்தது, எம்பொனாம்பி போனார். எதிர்பார்த்த பலனும் கிடைத்தது; போலார்ட் நான்கு உதைகளையும் தவறவிடவில்லை. ஃபூரி ஏறத்தாழ ஆட்டம் முழுவதும் உழைத்தார். ஆனால் லைன் அவுட்டில் அணி தடுமாறியது. நியூசிலாந்து தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டை பெற்றதால் அந்த அணி பெரும்பகுதி நேரம் 14 பேருடன் ஆடியது. அப்படியிருந்தும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். இரண்டாம் பாதியில் ரிச்சி மோவுங்காவின் ஓர் உதை கம்பத்துக்கு வெளியே போயிற்று. பின்னர் ஜோர்டி பாரெட் நெடுந்தொலைவிலிருந்து உதைத்ததும் விலகிப் போயிற்று. இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே போயிருந்தால் கோப்பை ஆக்லாந்துக்குப் போயிருக்கும். செப்டம்பர் 17ஆம் தேதி முடிவு அப்போதும் இதே முடிவாகத்தான் இருந்திருக்கும். அதில் ஒரு சொல்கூட மாறியிருக்காது. நம் தீர்ப்பு மட்டும் தலைகீழாகியிருக்கும்.

உளவியலாளர்கள் ஜோனதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988இல் இதை ஆய்வு செய்து காட்டினார்கள். ஒரே அறுவை சிகிச்சை முடிவை, நோயாளி பிழைத்தார் என்றும் இறந்தார் என்றும் இரு வகையாகச் சொல்லி மதிப்பிடக் கேட்டார்கள். முடிவெடுத்தபோது மருத்துவருக்குத் தெரிந்த செய்திகள் ஒன்றே. ஆனாலும் நோயாளி பிழைத்ததாகச் சொன்னபோது முடிவு உயர்வாகவும், இறந்ததாகச் சொன்னபோது தாழ்வாகவும் மதிப்பிடப்பட்டது. விளைவைத் தெரிந்துகொண்ட பிறகு அதை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடைபோடுவது மனித மனத்துக்கு அரிது. தேர்வர்களைப் பற்றிய நம் எழுத்தில் பெரும்பகுதி இந்தக் குறைபாட்டால் விளைவதுதான்.

2011இல் நியூசிலாந்துக்கு நடந்ததும் இதற்குத் துணைநிற்கும். சொந்த மண்ணில் நடந்த தொடர். உலகின் சிறந்த ஃபிளை ஹாஃப் டான் கார்ட்டர் காயமடைந்தார். அடுத்து வந்த காலின் ஸ்லேடும் காயமடைந்தார். மூன்றாமவர் ஏரன் குரூடன் இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அணியில் இடமே கிடைக்காமல் வைக்காட்டோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்ட ஸ்டீஃபன் டொனால்ட், நான்காமவராக வந்து உதைத்த மூன்று புள்ளிகளால் நியூசிலாந்து ஃபிரான்ஸை 8-7 என வென்றது. நான்கு ஃபிளை ஹாஃப்களைத் திட்டமிட்டு எந்தத் தேர்வரும் எடுக்க மாட்டார். எடுத்தால் அவரைப் பைத்தியக்காரர் என்போம். ஆனாலும் அந்த நாட்டில் நான்காமவரும் ஆடத் தெரிந்தவராக இருந்தார். முப்பத்துமூன்று பேருக்கு வெளியே எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பதே ஒரு நாட்டின் மெய்யான இருப்பு.

நம் நாட்டுக்கும் இது அந்நியமல்ல. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையில் நான்காம் இடத்துக்கு அம்பட்டி ராயுடுவா, தமிழகத்தின் விஜய் சங்கரா என்று மூண்ட சண்டை நினைவிருக்கும். மட்டை, பந்து, களத்தடுப்பு மூன்றிலும் பயன்படுவார் என்று விஜய் சங்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். நெகிழ்வுக்கு மதிப்பளித்த முடிவுதான் அதுவும். அவர் காயமடைந்தபோது, காத்திருப்போர் பட்டியலில் இருந்த ராயுடுவை விட்டுவிட்டு, அதில் இல்லாத மயங்க் அகர்வாலை அழைத்தார்கள். சில நாட்களில் ராயுடு ஓய்வை அறிவித்தார். பிறகு அம்முடிவை மாற்றிக்கொண்டார். முதல் தேர்வில் நான் குறை காண மாட்டேன். இரண்டாவதில் காண்பேன். பட்டியல் ஒன்றை அறிவித்துவிட்டு, தேவை வந்தபோது அதையே பொருட்படுத்தாமல் விட்டால், அடுத்த முறை அந்தப் பட்டியலில் இருப்பவன் எதை நம்பித் தன் உடலைத் தயாராக வைத்திருப்பான்? போலார்டின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அழைப்பும் அவருக்கே வந்தது. அந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது.

தென்னாப்பிரிக்காவில் தேர்வு என்பது வெறும் ஆட்டக் கணக்கும் அல்ல. 1995இல் நெல்சன் மண்டேலா கோப்பையை வழங்கிய அந்த வெற்றி அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. 2019 இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய 15 பேரில் அறுவர். தலைவர் கொலீசியும் அவர்களில் ஒருவர். தகுதியா, பிரதிநிதித்துவமா என்று அங்கே நடந்த வாதம் நமக்கு மிகப் பழக்கமானது. கதவு அடைத்திருந்த காலத்தில் ‘மிகச் சிறந்த பதினைந்து பேர்’ என்று எடுத்தவை உண்மையில் மிகச் சிறிய கூட்டத்துக்குள் எடுத்தவை. தேடும் பரப்பு விரிந்தால் தரம் உயரும் என்பது முதலாமாண்டு மாணவனுக்கும் தெரிந்த புள்ளியியல்.

விலக்கப்பட்டவனுக்குத் தேர்வர் கடன்பட்டிருப்பது என்ன? இடம் அல்ல, காரணம். நான் ஒருமுறை விரிவுரையாளர் நியமனத்துக்கான ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நேர்காணல் முடிந்து பெயர்கள் முடிவான பிறகு, ஒவ்வொருவருக்கும் மதிப்பெண்ணை ‘பொருத்தமாக’ நிரப்பித் தரும்படி வெற்றுத்தாள்கள் வந்தன. நானும் நிரப்பினேன். மறுக்கவில்லை என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை. அன்று வெளியேறிய ஓர் இளைஞர் என்னிடம் வந்து, எதில் குறைந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டார். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஏனெனில் காரணம் முடிவுக்குப் பின்னால் பிறந்தது.

ஆகவே தேர்வுக் குழுக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பட்டியலை அறிவிக்கும் நாளிலேயே, இந்த ஆளை இன்ன காரணத்துக்காக எடுத்தோம், இன்னது நேர்ந்தால் இன்னாரை அழைப்போம் என்று எழுதி வைக்கட்டும். வெளியிட வேண்டாம், எதிரணி படிக்கும். தொடர் முடிந்த பின் திறந்து பார்க்கட்டும். அப்போது துணிவையும் அதிர்ஷ்டத்தையும் தனித்தனியே பிரித்துக் காண முடியும். தென்னாப்பிரிக்காவின் அந்தத் தாளில் நான்காவது ஸ்க்ரம் ஹாஃபுக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள் என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல்.

அடுத்த உலகக் கோப்பை 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 20 அணிகள் 24 ஆகின்றன. எராஸ்மஸ் இப்போது நேரடியாகத் தலைமைப் பயிற்சியாளராகவே இருக்கிறார். அவருடைய பட்டியல் வெளியாகும் நாளில் புதிய நட்சத்திரங்களின் பெயர்களைத் தேடுவதற்கு முன், ஹூக்கர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்ப்பேன்.